படத்துக்குக் கீழே இரண்டு வரி

தொண்டி
17.2.2008

மதிப்பிற்குரிய அப்துல் குத்தூஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்களோடு அறையில் இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அக்கா குல்சும் வீட்டு மாடியில் குடியிருந்து தையல் தைக்கும் ராமலெட்சுமி நான். விடுமுறை முடிந்து ஷார்ஜா திரும்பும் மதார் அண்ணன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் தெருவில் நாலு பேர் காதில் விழும். பிரவுசிங் சென்டரில் போய் மெயில் அனுப்பலாம் என்றால், கடைக்காரர் கபீர் தம்பிதான் டைப் அடிக்க வேண்டும். அதனால் இந்தக் கடிதம்.

நீங்கள் நடத்தும் நம் ஊர் இணையதளத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழாப் படங்கள் வந்திருப்பதாக அக்கா சந்தோஷமாகச் சொன்னார்கள். அதில் என் மகள் பரிசு வாங்கும் படம் இருக்கிறது. அதன் கீழே இரண்டு வரி: ‘பேச்சுப் போட்டியில் முதல் பரிசு பெறும் கு. சேதுலட்சுமி, மூன்றாம் வகுப்பு. இவரது தாயார் ராமலெட்சுமி நம் தெருவில் தையல் நிலையம் நடத்தி வருகிறார்.’ நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளையைப் பாராட்டி இதுவரை யாரும் எழுத்தில் எழுதியதில்லை. அதற்கு முதலில் நன்றி.

ஆனால் அந்தப் படத்தையும் வரிகளையும் எடுத்துவிடுங்கள். நான் பரமக்குடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். என் கணவர் குருநாதன் அங்கே லாரி புரோக்கர். என் இடது காது கேட்காது. அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கும் இடம் என்னைப் பெற்ற தாய்க்கே தெரியாது. நாங்கள் ஏன் இங்கே வந்தோம் என்பது உங்கள் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிக்கு,
ராமலெட்சுமி


ஷார்ஜா
29.2.2008

அன்புள்ள சகோதரி ராமலெட்சுமிக்கு,

உங்கள் கடிதம் மதார் மூலம் கிடைத்தது. படித்ததும் மனசு கனத்துப்போனது. அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டேன். கீழே இருந்த வரிகளும் போய்விட்டன. பரிசு பெற்றவர்கள் பெயர்ப் பட்டியலில் மட்டும் பாப்பாவின் பெயர் இருக்கிறது. ஒரு பெயரை மட்டும் எடுத்தால், ‘முதல் பரிசு யாருக்கு?’ என்று ஆளாளுக்குக் கேட்பார்கள் என்று அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் தளத்தைப் பார்ப்பதெல்லாம் துபாய், சவூதி, மலேசியாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். பரமக்குடியில் லாரி பிடித்துக் கொடுப்பவர் இதையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறார்? விழாவுக்கு வந்த அத்தனை பேரும் உங்கள் மகளை மேடையில் பார்த்தார்களே. எல்லாருக்கும் தெரிந்ததைத்தானே நான் போட்டேன்?

தளத்தால் நன்மையும் உண்டு, சகோதரி. போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு தாய்க்கு அபூர்வ வகை ரத்தம் தேவைப்பட்டது. நான் இங்கிருந்து போட்ட செய்தியைப் பார்த்து, திருச்சியில் படிக்கும் நம் ஊர்ப் பையன் ஓடிப்போய்க் கொடுத்தான். ஏ.சி. ரிப்பேர் வேலை முடிந்து வந்து, கண் எரிய இதன் முன்னால் உட்காருவது அதற்காகத்தான்.

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். பாப்பாவுக்கு என் பாராட்டு.

அன்புடன்,
அப்துல் குத்தூஸ்


தொண்டி
14.3.2008

மரியாதைக்குரிய குத்தூஸ் அண்ணனுக்கு,

கேட்டவுடன் படத்தை எடுத்தீர்கள். முன்பின் தெரியாதவளுக்காக யார் இவ்வளவு செய்வார்கள்? நன்றி, அண்ணன். ஆனாலும் இன்னொரு தடவை உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்ததுதானே என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் யாரும் என்னைத் தேடவில்லை. என்னைத் தேடுகிறவர் அந்த விழாவுக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் ஊரோடு இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை. நான் எங்கே காய்கறி வாங்குகிறேன், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். அதுதான் எனக்குக் காவலாகவும் இருக்கிறது. அதே விஷயம் பரமக்குடிக்குப் போனால் கதை வேறு.

நேற்று குல்சும் அக்காவோடு கபீர் கடைக்குப் போனேன். அக்கா கேட்டதால் தம்பி மகளின் பெயரை அடித்துத் தேடிக் காட்டினார். முதல் வரியிலேயே உங்கள் பட்டியல் வந்தது. பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம், ஊர், எல்லாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதென்ன, வாசல் கதவைத் தெறந்து போட்டு, உள்ள ஆளு இருக்குன்னு போர்டும் வச்ச மாதிரில்ல இருக்கு!” என்றார்கள்.

என் கணவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுதான். அவர் அக்கா மகன் மதுரையில் கம்ப்யூட்டர் படிக்கிறான். மாமா சொன்னால் எதையும் செய்வான்.

பெயரையும் எடுத்துவிடுங்கள், அண்ணன். முதல் பரிசு யாருக்கு என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அன்புள்ள,
ராமலெட்சுமி


ஷார்ஜா
28.3.2008

அன்புத் தங்கை ராமலெட்சுமிக்கு,

போனில் குல்சும் லாத்தாவிடம் அவசரத்தில் சொன்னதை இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கடிதம் கிடைத்ததும் பெயரை எடுத்தேன். எடுத்த பிறகு ஒரு யோசனை. நானே குருநாதனாக இருந்தால் என்ன செய்வேன் என்று என் தளத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். பட்டியலில் பள்ளிக்கூடம் கிடைத்தது. பள்ளிக்கூடப் பக்கத்தில் விடும் நேரம் இருந்தது. போன பெருநாளுக்குப் போட்ட படங்களில் ஒன்றில் உங்கள் மகள் லாத்தா வீட்டு வாசலில் பலகாரத் தட்டோடு நிற்கிறாள். பின்னால் தெருப் பெயர்ப் பலகை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, தங்கை. நாலையும் சேர்த்தால் வீட்டுக்கு வழி. டீ ஆறுவதற்குள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். எனக்கே வெட்கமாகிவிட்டது.

இன்னொன்றும் பார்த்தேன். தளத்துக்கு வருபவர் எந்த ஊரிலிருந்து, என்ன வார்த்தையைத் தேடி வந்தார் என்று எனக்கு ஒரு விவரம் வரும். அதில் மதுரையிலிருந்து ஒருவர் பாப்பாவின் பெயரை, இனிஷியலோடு, தேடி வந்திருக்கிறார். மறுநாளும் வந்திருக்கிறார். பிறகு பெருநாள் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார். நான் பெயரை எடுப்பதற்கு முன்பே நடந்தது இது. அதைப் பார்த்த உடனே லாத்தாவைக் கூப்பிட்டேன்.

எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டேன். ஆனால் பக்கத்து ஊர்த் தளம் ஒன்று நம் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். இணையத்தில் தேடித் தரும் கம்பெனி தன்னிடம் எடுத்து வைத்திருக்கும் நகலும் அழிய நாளாகுமாம். போடுவதற்கு ஒரு நிமிஷம் பிடித்தது. திரும்ப எடுக்க என்னால் முடியவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது.

பயப்படாதே என்று இனி சொல்ல மாட்டேன். லாத்தா சொல்கிறபடி செய்யுங்கள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை சித்தி ஜுனைதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் தைரியசாலி.

துஆவுடன்,
குத்தூஸ்


தொண்டி
20.4.2008

அன்புள்ள குத்தூஸ் காக்கா,

இந்தத் தெருப் பெண்கள் அண்ணனைக் காக்கா என்று அழைப்பதைப் போலவே நானும் உங்களை அழைக்கிறேன். அழைக்கலாம்தானே?

அவர் வந்தார். நாங்கள் நன்றாக இருக்கிறோம். பதறாமல் படியுங்கள்.

உங்கள் போன் வந்த அன்றே குல்சும் அக்கா என்னைத் தலைமை ஆசிரியையிடம் கூட்டிப்போனார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, “இத்தன நாளா ஏம்மா மனசுக்குள்ளயே வச்சிருந்தே?” என்று கோபித்துக்கொண்டார்கள். என்னையும் அக்காவையும் தவிர யார் வந்தாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று அப்போதே வாட்ச்மேன் கூத்தையாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

பத்து நாளைக்குள் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, காரில் வந்து இறங்கினார். கூட இரண்டு ஆட்கள். கூத்தையா கேட்டைத் திறக்கவில்லை. வந்தவர் உங்கள் தளத்தின் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்து வைத்திருந்தார்.

“நான் புள்ளையோட அப்பன். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். இங்கன பாருங்க, என் புள்ள பேரு, என் இனிஷியல்.”

சித்தி ஜுனைதா டீச்சர் கேட்டுக்கு வந்து நின்றார்கள். “பேப்பர்ல பேரு இருந்தாப் புள்ளையக் குடுத்துருவமா? அவ உம்மா வரட்டும். போலீசும் வருது, இருங்க.”

தகவல் வந்தபோது நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பின்பக்கமாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் புத்தி போனது. நான்கு வருடமாக அந்த ஒரு வழியைத்தானே பழகியிருக்கிறேன். ஆனால் மாடியிலிருந்து இறங்கினால் வாசலில் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் எதிர்வீடு, பக்கத்து வீடு, முக்குக் கடைவீட்டுப் பெண்கள் எல்லாம் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். “நட,” என்றார்கள் அக்கா. நடந்தேன், காக்கா.

என்னைப் பார்த்ததும் அவர் குரலை இறக்கினார். “வா, வீட்டுக்குப் போவோம். நடந்ததெல்லாம் நான் மறந்துட்டேன்.”

“நீங்க மறந்திருப்பீங்க. எனக்கு இந்தக் காது இன்னும் கேக்கல,” என்றேன். அவர் எதிரில் நின்று நான் பேசிய முதல் பேச்சு அதுதான். கையை நீட்டிக்கொண்டு ஓரடி வந்தார். பெண்கள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சும்மா நின்றார்கள்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ராமநாதபுரத்தில் ஒரு பெண் வக்கீலை டீச்சரே பிடித்துக் கொடுத்தார்கள். என் கணவர் எங்கள் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவும் கிடைத்துவிட்டது. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி அவர் ஒன்று சொன்னார். “இருக்கிற எடந்தான் தெரிஞ்சு போச்சுல்ல.” அவ்வளவுதான் சொன்னார்.

உங்கள் போன் வந்திராவிட்டால் கூத்தையா கேட்டைத் திறந்திருப்பார். அப்பன் என்று சொல்லி, ஆதாரமும் காட்டினால் யார்தான் திறக்க மாட்டார்கள்? என் பிள்ளை இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுகிறாள். இந்த நன்றியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் தங்கை,
ராமலெட்சுமி


ஷார்ஜா
5.5.2008

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு நீங்கள் நன்றி சொல்லக் கூடாது. கதவைத் திறந்து வைத்தவனும் நான்தான். நீங்கள் கோபத்தில் நாலு வார்த்தை எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படாமல் எனக்குப் புரிய வைத்தீர்கள். அதற்கு நான்தான் கடமைப்பட்டவன்.

இனிமேல் பெற்றவர்களைக் கேட்காமல் எந்தக் குழந்தையின் பெயரும் படமும் போடுவதில்லை. இதற்குள் இரண்டு பேர், ‘என் மகன் படத்தை ஏன் போடவில்லை?’ என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சில நாள் தளத்தையே மூடிவிடலாமா என்று தோன்றுகிறது. நீங்கள் சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். இதுவரை உங்கள் முகத்தை நேரில் பார்த்ததில்லை. லாத்தா வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பாப்பாவுக்கு என்ன வாங்கி வரட்டும்?

அண்ணன்,
குத்தூஸ்


1.6.2008

அன்புள்ள காக்கா,

இந்தக் கடிதத்தின் மேல் ஊர்ப் பெயர் எழுதவில்லை. தபால் முத்திரையும் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று டீச்சர் மூலமாக அனுப்புகிறேன். படிக்கும்போது உங்களுக்கே புரியும்.

நாங்கள் தொண்டியை விட்டு வந்துவிட்டோம். அவர் கார் மறுபடியும் வரவில்லை. ஆனால் தெருமுனையில் புது ஆள் நின்றால் பிள்ளை தையல் மிஷினுக்கு அடியில் போய் உட்கார ஆரம்பித்தாள். கோர்ட் உத்தரவு அவர் காலைக் கட்டும். அவர் மனதில் இருக்கும் விலாசத்தை அதனால் அழிக்க முடியாது. சித்தி ஜுனைதா டீச்சர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, ஒரு வேலையும் பள்ளிக்கூடமும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். எங்கே என்று குல்சும் அக்காவுக்குக்கூடத் தெரியாது. “எனக்குச் சொல்லாத. கேட்டா ஒளறிருவேன்,” என்று அக்காவே காதைப் பொத்திக்கொண்டார்கள். பஸ் ஏறும்வரை அழவில்லை. ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் நெய்ச்சோற்றைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நீங்களும் கேட்காதீர்கள், காக்கா. நம்பிக்கை இல்லாமல் இல்லை. என்னைப் பெற்றவள் மேல் உள்ளதைவிட உங்கள் மேல் எனக்கு அதிக நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் தெரியாத ஒன்றை யாரும் உங்களிடமிருந்து வாங்க முடியாது. பெருநாளுக்கு உங்களோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தளத்தை மூடிவிடவா என்று கேட்டீர்கள். மூடாதீர்கள். அன்று எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்ற பெண்களில் பாதிப்பேருக்குக் கணவர் கடல் கடந்து இருக்கிறார். ஊரை அவர்கள் கண்ணில் காட்ட உங்களை விட்டால் யார்? மழை பெய்தால் போடுங்கள். ரத்தம் வேண்டுமென்றால் போடுங்கள். ஒரு ஆளைப் பற்றிப் போடும்போது மட்டும் அந்த ஆளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அவளிடம் கேட்டேன். “மாமா ஊருக்கு வந்தா குல்சும் பெரியம்மாவத் தனியாச் சாப்பிட விடக்கூடாதுன்னு எழுதும்மா,” என்றாள். அதைச் செய்யுங்கள், அவளுக்கு வாங்கி வந்ததாகவே வைத்துக்கொள்கிறோம்.

இதற்கு மேல் கடிதம் வராது. பார்க்காமலே எனக்கு ஒரு அண்ணன் கிடைத்தார் என்று சாகும்வரை சொல்லிக்கொள்வேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

கீழே பெயர் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே எங்கள் இருவருக்கும் வேறு பெயர். பிள்ளைக்கு அவளே ஒன்று தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அது அவளுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தங்கை