அஞ்சலையின் மீதி அரிசி

12-3-1952, புதன்

ரெம்பாவ் ரப்பர் தோட்டத்து அஞ்சலையைப் போலீஸ் பிடித்துவிட்டது. அவள் செய்த குற்றம் இளைத்தது. பருமன் குறையாமல் குடலிறக்கத்துக்குக் கத்தி வைக்க முடியாது என்று பாதிச் சோறு சொன்னவன் நான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் எடை பார்க்க, நர்ஸ் சாப்பாட்டைக் கவனிக்க, ஆறு மாதம் கூடிப் பாடுபட்டோம். ரேஷனில் மீதியான அரிசி காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போனதாம். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் தின்றதை நம்ப ஆளில்லை.

இன்ஸ்பெக்டர் எங்கள் பெரிய சர்ஜனுக்கு டெலிபோன் செய்தார். அப்படியொரு வைத்தியமே கிடையாது என்றாராம் அந்த மகானுபாவர். கத்திக்கு முன் இளைக்கவைக்கும் என் திட்டத்தை மூன்று முறை குப்பையில் போட்டவர் வேறென்ன சொல்வார்?

லாக்கப்பில் அஞ்சலை கேட்டாள்: "இங்க முழுச் சோறு போடுறாங்க லா, டாக்டரய்யா. திங்கட்டுமா, பாதி வெக்கட்டுமா?"

மிச்சம் வைத்தால் அதற்கும் விசாரணை வரும்.

"எல்லாத்தையும் தின்னும்மா" என்றேன்.