இருமல் வரும் வரி

ஜூன் 2, ஞாயிறு
ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், உடல் உயிர்த்தெழும் என்ற வரி வந்ததும் இன்றும் இருமினேன். பதினைந்து வருடமாக அதே இடத்தில்தான். "மருந்துக்கடை வச்சிருக்கிறவருக்கே இந்த இருமலுக்கு மருந்து கிடைக்கல பாரு" என்று வீடு வரும்வரை மனைவி கிண்டல். மற்ற வரிகளையெல்லாம் மனதாரச் சொல்கிறேன். அது மட்டும் தொண்டையில் நிற்கிறது.

மதியம் தங்கை வந்தாள். மறுமணம் செய்துகொள்ளப் போகிறாளாம். மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறார். அவள் மணிக்கட்டை உடைத்த முதல் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கி நான்கு வருடமாகிறது. "சபையிலதான் கல்யாணம் நடக்கணும்ணா. நீதானே செயலாளர், பாத்துக்க மாட்டியா?" பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 4
விவாகரத்தானவர்களுக்கு எங்கள் சபையில் மறுமணம் இல்லை. அது விதி. கடையில் ஆள் வராத நேரத்தில் சபைக் குழுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பொருளாளர், ஓய்வுநாள் என்றும் பாராமல், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே போய்த் தன் கடையைத் திறப்பவர். தலைமையாசிரியர் தன் அண்ணனோடு பேசிப் பதினோரு வருடம். மன்னிப்பைப் பற்றி ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். ஆறு நாளில் உலகம் உண்டானதை "அப்படியே எடுத்துக்கக் கூடாது" என்று போதகரே சொல்வார். மீனில் முள்ளை ஒதுக்குவதுபோல ஆளாளுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். என் தங்கை தட்டில் மட்டும் ஏன் முள்?

ஜூன் 5
சபையின் பழைய பதிவேட்டைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஜூன் 6
மறுபடி திறந்தேன். ஆறு வருடத்துக்கு முன் தையல்காரம்மா இதே விண்ணப்பம் கொடுத்திருந்தார். பாடகர் குழு இன்றைக்கும் போடும் அங்கிகள் அவர் தைத்தவை. அவர் புருஷனும் அடித்தவன்தான். சபைக் குழு மறுத்தது. மறுப்புக் கடிதத்தை எழுதியவன் நான். ஆராதனையில் அறிவிப்புகளோடு வாசித்தவனும் நான். 'வேதம் இதில் தெளிவாக இருக்கிறது' என்று அதில் ஒரு வாக்கியம். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தது. நன்றாக வந்திருக்கிறது என்றுகூட அன்று நினைத்தேன் — சே!

அதன்பிறகு அவர் சபைப் பக்கமே வரவில்லை. பதிவு அலுவலகத்தில் திருமணத்தை முடித்துக்கொண்டார்.

ஜூன் 9, ஞாயிறு
குழுக் கூட்டம். ஐந்தே நிமிடம். "நம்ம செயலாளர் தங்கச்சி, நமக்குத் தெரியாத பிள்ளையா?" என்றார் பொருளாளர். "காலம் மாறுது, நாமளும் கொஞ்சம் இறங்கி வரணும்" என்றார் போதகர். "எழுதுங்க."

பேனா நகரவில்லை. தையல்காரம்மா விஷயம் என்ன ஆவது என்று கேட்டேன். "அது வேற" என்றார் தலைமையாசிரியர். எப்படி வேறு என்றேன். "அட, அது வேறங்க." முதலில் அதைத் திருத்துவோம், அதுவரை இது நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தங்கை போனில் கத்தினாள். "உனக்கு நியாயம் பொறக்கிறதுக்கு என் கல்யாணம்தான் கிடைச்சுதா?" சரியான கேள்வி.

ஜூன் 11
தையல் கடைக்குப் போனேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடையின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் தப்பு என்றேன். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்த பிறகுதான் பேசினார்.

"சபை சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

நான்தான் என்றேன்.

"அதை எங்கிட்ட வந்து எதுக்கு சொல்றீங்க? அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே வாசிச்சீங்க."

ஜூன் 16, ஞாயிறு
குழுவிடம் கேட்டேன். பழசைக் கிளற வேண்டாமாம். தங்கையின் திருமணத்துக்கு மட்டும் ஒப்புதல். நான் எழுதாததால் போதகரே எழுதிக்கொண்டார்.

ஜூன் 23, ஞாயிறு
அறிவிப்புகளின் கடைசியில், யாரையும் கேட்காமல், என் நான்கு வரிகளை வாசித்தேன். தையல்காரம்மாவை மறுத்தது தவறு. அந்த வாக்கியம் என்னுடையது. ஆளைப் பார்த்து விதி வைத்தோம். மன்னிப்புக் கேட்கிறேன். சாயங்காலமே செயலாளர் பதவி போய்விட்டது.

ஜூலை 6
தங்கையின் திருமணம் சபையிலேயே நடந்தது. என்னோடு பேச்சில்லை. படம் எடுக்கும்போது மட்டும், "இந்தப் பக்கம் வந்து நில்லு" என்றாள். போய் நின்றேன்.

ஜூலை 14, ஞாயிறு
இப்போது எனக்குக் கடைசி வரிசை. தையல்காரம்மா வந்திருந்தார், நடைபாதைக்கு அந்தப் பக்கம். ஆறு வருடம் வராதவர், பிரமாணத்தைத் தாளைப் பார்க்காமல் உரக்கச் சொன்னார். பாவமன்னிப்பு உண்டு என்ற வரி வந்தது. வாயை மூடிக்கொண்டார். இருமல் கிருமல் ஒன்றும் இல்லை, நேரே முன்னால் பார்த்தபடி நின்றார்.

அதற்கு அடுத்தது நான் இருமும் வரி. அவர் குரல் மறுபடி எழுந்தது.

வரும் வழியில் மனைவி, "இன்னைக்கு இருமல் வரலையே?" என்றாள். தையல்காரம்மா விட்ட வரியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அது நான் கேட்ட மன்னிப்புக்கு வந்த பதில்.