நீ அனுப்பிய டச் போன்

மாரிக்குப்பம்,
வியாழக்கிழமை

அன்பு மகன் டைட்டஸுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் உன் தங்கை ஜெனிட்டாவும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாய் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். நம் தெரு டென்சில் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. அப்பாவின் பட்டன் போன் அவரோடு பெங்களூர் டூட்டிக்குப் போய்விடுகிறது, ஞாயிற்றுக்கிழமை அதில் பேசினாலும் இந்த இரண்டு அறை வீட்டில் எல்லார் காதிலும் விழும். மிச்சம் இருப்பது நீ அனுப்பிய டச் போன், அது ஜெனிட்டா கையில். நான் சொல்ல வந்ததே அவளைப் பற்றித்தான்.

அவளுக்கு வேலை நின்றுபோய்விட்டது கண்ணு. அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது என்று என் வாயை அடைத்து வைத்திருக்கிறாள். கோலார் ரோட்டில் அந்தப் போன் கம்பெனியில் அவளுக்கு டச் பார்க்கிற வேலை என்று உனக்குத் தெரியும், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும், விரலை இழுத்துக்கொண்டே போனால் எல்லாக் கட்டமும் பச்சையாக மாற வேண்டும், ஒன்று மாறாவிட்டாலும் அந்தப் போனை ஒதுக்கிவிடுவார்கள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டில்கூட அவள் விரல் அப்படித்தான் ஓடும், நான் திட்டுவேன். போன மாதம் எதிர் கம்பெனிக்காரன் அதே மாதிரி போனைப் பாதி விலைக்கு இறக்கிவிட்டானாம், இவர்கள் சரக்கு கடைகளில் தேங்கிவிட்டதாம். அவள் வேலை செய்த லைனையே நிறுத்தி, ஆர்டர் வந்தா போன் பண்றோம், போய்ட்டு வாங்கம்மா என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா, தங்க மைன் மூடினப்பவும் தொறப்பாங்க தொறப்பாங்கன்னுதான் இருந்தோம், இன்னா ஆச்சு என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் இன்னும் நம் முனையில் ஹாரன் அடிக்கிறது, வேறு லைன் பெண்கள் ஏறிப் போகிறார்கள், இவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்கிறாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் உன் பார்சல் வந்தது. பிரித்தால் அதே எதிர் கம்பெனி போன். உன்மேல் தப்பில்லை, எது நல்லதோ பார்த்து வாங்கு என்று சொன்னவளே நான்தான், கடையில் நின்றிருந்தால் நானும் விலையைப் பார்த்து அதைத்தான் எடுத்திருப்பேன், ஊரே அப்படித்தான் எடுத்திருக்கிறது. முதலில் அவள் அதைத் தொடவேயில்லை. பிறகு அவளுடைய பழைய போனில் பாதித் திரை செத்துப்போய், வருகிற அழைப்பை எடுக்கவே முடியவில்லை. கம்பெனி கூப்பிட்டால் என்ன செய்வது என்று பயந்து சிம்மை இதில் மாற்றினாள். மாற்றியதும் பழக்க தோஷம், விரலை ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுத்துப் பார்த்தாள். அப்புறம், டச் இன்னா சுத்தமா கீதும்மா, எங்களுதவிட நல்லா கீது, இவன்தான் ஜெயிப்பான் என்றாள். இன்னும் எங்களுது என்கிறாள் பார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, ரோஷக்காரி. போன் எப்படி இருக்கிறது என்றும் கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, தலையில் துணி இல்லாமல் வெயிலில் நிற்காதே, ஆராதனையை விடாதே. ஆண்டவர் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். இன்னொன்று, மறந்துவிடாதே, வார நாளில் பகலில் போன் செய்யாதே. மணி அடித்தால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். உன் பெயரைப் பார்த்ததும் முகம் வாடிவிடுகிறது, அண்ணன்தாம்மா என்று என்னிடம் நீட்டிவிட்டுப் போகிறாள். உன் குரலைக் கேட்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா கண்ணு? ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் அப்பா போனுக்குக் கூப்பிடு, அதுவரை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஐடா ஏனோக்