தெற்கு ஜன்னல்

நவம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. வெளியூரில் இருந்தபடியே எங்கள் வீட்டு முன்னால் உன் மனையில் வாடகைக்கு விட நீ எழுப்பிய மாடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரத்திலிருந்து அதன் நிழல் எங்கள் தெற்கு ஜன்னலை மூடிவிட்டது. ஜூலையில் பக்கவாதம் வந்து படுத்த உன் அத்தானுக்கு, கால்மேல் விழுகிற அந்த வெயில் ஒன்றுதான் சுகமாக இருந்தது. இப்போது பகலெல்லாம் போர்வைக்குள் நடுங்குகிறார். "வேலி தாண்டி நிழல் வராதுக்கா" என்று நீ சொன்னதை நம்பித்தானே தலையாட்டினேன்?

அக்கா

நவம்பர் 12

அக்காவுக்கு,

ஜூன் மாதம் உச்சி வெயிலில் உன்னையும் பக்கத்தில் நிறுத்தித்தானே அளந்தேன்? நிழல் வேலிக்கு என் மனைப் பக்கமே நின்றது. அதற்குப் பிறகு ஒரு செங்கல்கூட ஏறவில்லை. இந்த மாடியைக் கட்டியதிலிருந்து ஆளாளுக்குக் குறைதான் சொல்கிறார்கள். அலுத்துவிட்டது. நீயாவது என்னைப் பொய்யன் என்று சொல்லாதே.

தம்பி

நவம்பர் 17

தம்பி,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பூகோள வாத்தியார் அல்லவா, கோணல் வாயோடு சிரித்தார். நல்ல கையை வெளியே எடுத்துச் சாய்த்துக் காட்டினார்.

"பூமி சாஞ்சபடியேதான் சூரியனச் சுத்துது. ஜூன்ல நம்ம பக்கம் சூரியனப் பாத்துச் சாஞ்சிருந்துச்சு, வெயில் தலைக்கு மேல. இப்ப விலகிச் சாஞ்சிருக்கு. சூரியன் தாழப் போகுது, நிழல் நீளுது, பகலும் சுருங்குது. அவன் சரியாத்தான் அளந்தான், மாசம்தான் வேற. அவனோட மல்லுக்கு நிக்காத."

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. எனக்கும் கோபப்படத் தெம்பில்லை. பிப்ரவரி நடுவில் வெயில் ஜன்னலுக்குத் திரும்புமாம். அதுவரை சமாளிக்கிறோம்.

அக்கா

நவம்பர் 23

அன்புள்ள அக்கா,

அத்தான் எனக்காகப் பரிந்து பேசியதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. மாடிக்குக் குடி வருவதாக இருந்தவர்களிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். அங்கே நாள் முழுக்க வெயில். குளிர் போகும்வரை நீங்கள் இருவரும் அங்கே இருங்கள். வருகிற ஞாயிறு வருகிறேன். அத்தான் வாட்டசாட்டமானவர், படியோ குறுகல். தூக்க நாலு பேரைச் சொல்லி வை.

தம்பி

நவம்பர் 26

தம்பிக்கு,

வா. நாலு பேரெல்லாம் இப்போது வேண்டாம். படுத்த பிறகு அவரை நீ பார்க்கவில்லை. தினமும் நான் ஒருத்தியே தூக்கி உட்கார வைக்கிறேன். நீ மட்டும் வந்தால் போதும்.

அக்கா