அறுவடைக் கிரீடத்தில் பெரியவள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை முழுக்க மழை. தக்காளி நாலு வெடித்துவிட்டது. அப்பா அதைக் கவனிக்கவேயில்லை. கண்ணாடிக் குடிலின் கடைசி மூலையில் நிற்கும் மூன்று கஞ்சாச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறோம். பெரியவள் என் தோளைத் தாண்டிவிட்டாள். சின்னவள் இடுப்பளவு. மூன்றாவதன் பெயர் கம்பம். அது அப்பாவின் கைவரிசை. முப்பது வருடம் தக்காளி வளர்த்த கை. பக்கக் கிளையைக் கண்டால் விரல் தானாகவே கிள்ளிவிடும். தக்காளிக்குக் கிள்ளினால் நல்லது. இதற்கோ கிளை நுனிகள்தான் பூக்கும் இடம். ஜூனில் நான் பார்ப்பதற்குள் ஒன்றை மொட்டையடித்துவிட்டார். இப்போது அது உச்சியில் ஒரே ஒரு கொத்தோடு விறைப்பாக நிற்கிறது.

"கொடி கட்டிரலாமாப்பா?"

"கட்டு, கட்டு. ஊரே வந்து சல்யூட் அடிக்கட்டும்."

ஆகஸ்ட் 23, சனி

அப்பாவின் தோள் துறைமுக வேலையில் போனது. இருபத்தைந்து வருடம் மூட்டை, சங்கிலி, மூட்டை. படுத்தால் வலி. தினமும் விடிகாலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார், அவருடைய தேநீர்க் கெட்டில் விசிலடித்து என்னையும் எழுப்பிவிடும். மாத்திரை போட்டால் தூங்குவார், ஆனால் மறுநாள் முழுக்க பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

போன வருடம் சட்டம் மாறி, வீட்டில் கஞ்சா வளர்க்கலாம் என்றானதும் ஒரே ஒரு செடி வைத்தார். பூவைக் காயவைத்து, வெண்ணெயில் காய்ச்சி, இரவுக்கு ஒரு ரஸ்கில் மெல்லிசாகத் தடவிக்கொள்வார். அது ஜனவரியில் தீர்ந்தது. ஜனவரி வரைக்கும் தூங்கினார்.

இந்த வருடம் வசந்தம் வரைக்கும் தாங்க வேண்டும். அதுதான் கணக்கு.

எனக்கு அது வேண்டாம். வளர்ப்பது பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குடிலின் சாவியை அப்பா என்னிடம் கொடுத்தார். "மூணு செடிதான் நமக்கு அனுமதி. எப்பவும் பூட்டியே இருக்கணும். ஒரு இலைகூட அடுத்தவங்க கைக்குப் போகக் கூடாது, ஃபென்யா. சும்மா குடுத்தாலும் தப்புதான். எப்ப வெட்டறதுன்னு நீயே பாத்துச் சொல்லு. எனக்குக் கண்ணு பத்தல."

வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்ன ஒரு நாளில் பள்ளியை விட்டு நடந்து வந்து, திரும்பிப் போகாதவள் நான். இப்போது பத்தொன்பது வயது. இந்த ஜூனில் ஓக்கன் அம்மாவின் நாற்றுப்பண்ணைக்கு ஒரு நாள் வேலை பார்த்துக் காட்டப் போனேன். "இது என்ன செடி சொல்லு?" என்றார். தெரியும். வாய் திறக்கவில்லை. மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பொருள் இந்தச் சாவி. கழுத்தில் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பூவின் மேல் குண்டூசித் தலை மாதிரி பிசின் துளிகள். இன்னும் தண்ணீர் போல் தெளிவு. பால் நிறமானதும் வெட்டலாம்.

செப்டம்பர் 20, சனி

இன்னும் இல்லை. அப்பா நாலு மணிக்கு எழுந்தார். கெட்டில்.

செப்டம்பர் 27, சனி

பால் நிறம் வந்த சின்னவளையும் கம்பத்தையும் வெட்டினோம். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, ஆளுக்கொரு கத்தரி. பெரிய இலைகளை நறுக்கித் தள்ளத் தள்ள கத்தரி வாய் ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது. விரலில் ஒட்டிய பிசின் சோப்புக்கு மசியவில்லை. சாலட் எண்ணெய் தேய்த்தால் விடுகிறது. கிளைகளைப் பரணில் தலைகீழாகத் தொங்கவிட்டோம், வெங்காயத்துக்குப் பக்கத்தில்.

"ரெண்டும் சேந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் வரும். மீதிக் குளிருக்குப் பெரியவதான்," என்றார் அப்பா.

அக்டோபர் 3, வெள்ளி

பெரியவளுக்கும் பால் நிறம் வந்துவிட்டது! திங்கட்கிழமை வெட்டலாம் என்று சொன்னேன். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. நான் சொன்னால் சரியாம்.

அக்டோபர் 4, சனி

வரிசையா எழுதணும்.

காலையில் அப்பா நண்பரின் படகைக் கரையேற்ற உதவப் போனார். நான் குடிலில் தக்காளி பறித்தேன். கூடை கனம், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். சாவி? கதவிலேயே. நானேதான் விட்டேன். வேற யாரு?

மதியம் போய்ப் பார்க்கிறேன்—பெரியவள் இல்லை. ஒரு சாண் கட்டை மட்டும். சுத்தமான வெட்டு. பக்கத்தில் அப்பாவின் அக்கா அல்மூத் அத்தையின் சிவப்புப் பிடி கத்தரி.

உடனே புரிந்துவிட்டது. நாளைக்கு தேவாலயத்தில் அறுவடை நன்றித் திருநாள். கோதுமையும் பார்லியும் கட்டிய பெரிய கிரீடம் கூரையில் தொங்கும். அதற்குப் பச்சைத் தழை வைப்பது அத்தை. முப்பது வருடமாக எங்கள் தோட்டத்தில்தான் வெட்டுவார், கேட்டதேயில்லை. தம்பி தோட்டம்தானே.

அப்பாவுக்குப் போன் பண்ணினேன், எடுக்கலை. இதை விட்டா நாளைக்கு ஊரே அதுக்குக் கீழ உக்காந்து பாடும். அப்பாவோட குளிர்காலம் அங்க தொங்கிட்டிருக்கும். சைக்கிளில் துணிக்கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உள்ளே ஒன்பது பெண்கள். கிரீடம் ஏற்கெனவே கயிற்றில் மேலே ஏறிவிட்டது. சுற்றிலும் பெரியவள். எவ்வளவு அழகாக இருந்தாள் தெரியுமா.

"என்னடி இது வாடை? நரி கிரி பூந்துடுச்சா?"

"உன் செருப்பப் பாரு முதல்ல."

"எனக்கென்னமோ நல்லாத்தான் இருக்கு. தைலம் மாதிரி," என்றார் எங்கள் பெண் பாதிரியார்.

"ஹின்ரிக் ஏதோ புது அலங்காரச் செடி வச்சிருக்கான்," என்றார் அத்தை பெருமையாக. "என் தம்பிக்கு என்ன ஒரு ரசனை பாருங்க."

நான் கதவோரம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. மறுபடியும் அதே வகுப்பறை. திரும்பிப் போயிடலாமா? போய் அப்பாகிட்ட என்ன சொல்றது?

"அது கஞ்சா," என்றேன்.

தேவாலயத்தில் எதிரொலிக்கும் என்பதை மறந்துவிட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "அது அப்பாவோடது. அவர் தூங்கறதுக்கு. யாருக்கும் குடுக்கக் கூடாது, அதான் சட்டம். கீழ இறக்குங்க. தயவுசெஞ்சு."

ஒன்பது தலையும் கிரீடத்தை அண்ணாந்து பார்த்தன. பிறகு அத்தை: "மூணு மணி நேரம் கட்டினேன்டி நான்!"

யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், அத்தையைத் தவிர எட்டுப் பேரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அல்மூத், முப்பது வருஷத்துல இதான்டி உன்னோட பெஸ்ட்!"

கயிறு இறங்கியது. "ஒரு இலைகூட விடாதீங்க," என்று நான் சொன்னேன். நான்! கதிருக்குள் விரல் விட்டு, பேன் பார்ப்பது மாதிரி பார்த்து எடுத்தார்கள். என் எதிரில் உட்கார்ந்து எடுத்தது ஓக்கன் அம்மா.

"இது வெட்டற பதமான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பிசின் நிறத்தைச் சொன்னேன். அப்பா கிள்ளியதைச் சொன்னேன், கம்பத்தைச் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். வாய் மூடவேயில்லை.

வீட்டுக்குப் போய்ப் பெருஞ்சீரகத் தழையும் பூத்த லீக் வெங்காயத் தண்டும் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். கிரீடம் மறுபடி ஏறியது. அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கட்டினார். கிளம்பும்போது என் காதில், "தோள் வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா அந்தக் கழுதை?" என்றார். கண் கலங்கியிருந்தது.

மாலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியிலிருந்து. அவர் தேநீர் ஊற்றினார்.

"ஒம்போது பேர் முன்னாடியா?"

"ஆமா."

"சத்தமாவா?"

"எதிரொலிச்சுது."

என் கோப்பையில் ஒரு கற்கண்டு போட்டார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் போட்டார். சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

"நிலத்தில் விளையும் எல்லாவற்றுக்காகவும்" என்று பாதிரியார் அம்மா ஜெபித்தபோது மற்ற எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல்.

அக்டோபர் 18, சனி

காய்ந்துவிட்டது. தண்டை வளைத்தால் டக்கென்று ஒடிகிறது. பெரியவளைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பிசினில் ஒட்டிய பார்லி முள் வரவேயில்லை. சாமணம் வைத்து ஒரு மணி நேரம் எடுத்தும் பாதி உள்ளேயே.

"இருக்கட்டும் விடு. ஆசீர்வாதம் பண்ணினது," என்றார் அப்பா.

அக்டோபர் 22, புதன்

ஓக்கன் அம்மா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "நவம்பர் மூணு. காலைல ஏழு மணி. ரப்பர் பூட்ஸ் இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

நாற்றுப்பண்ணையில், பனியைத் தாங்கும் ஹெதர்ப் பூச்செடி எது என்று ஒரு பெரியவர் கேட்டார். சொன்னேன். எவ்வளவு தண்ணீர் என்றார். அதையும் சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். எதுவோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, நாலு மணிக் கெட்டில். நேற்று ராத்திரிதான் புது வெண்ணெய் தடவிய முதல் ரஸ்க். அப்பாவின் அறையிலிருந்து தூர்வாரும் கப்பல் மாதிரி குறட்டை.

எனக்கு நானே தேநீர் போட்டேன். விசிலடிப்பதற்குள் கெட்டிலை இறக்கிவிட்டேன். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிப்படிக்கு வந்துதான் மாட்டினேன்.