சீமாட்டிக்குத் தும்பிக்கை

1981 பெப்ரவரி 8, ஞாயிறு

முதலில் என் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். காருக்குக் காற்று இழுக்கும் புதுச் சாமான் ஒன்றை ஹலீம் கடையில் வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தேன். வெள்ளி நிறத்தில் ஒரு டப்பா, அதிலிருந்து நெளிநெளியாக ஒரு கறுப்புக் குழாய். டப்பாவுக்குள் விசிறி மாதிரி மடித்த மஞ்சள் கடதாசி வளையம். சாமான் அடிபடாமல் இருக்க வைத்த கடதாசி என்று நினைத்துப் புஷ்பத்திடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை வெட்டி, கஞ்சிப் பசை தடவி, முருகன் படத்தைச் சுற்றி ஒட்டிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஹலீம் கடையைப் பூட்டிவிட்டு இந்தப் பக்கமாக வந்தான். "அண்ணே, உள்ளுக்கு இருக்கிற மஞ்சக் கடதாசி பத்திரம். அதுதான் தூசியப் புடிக்கிற. அது இல்லாட்டி இது வெறும் தகரம்" என்றான்.

"எனக்கே சொல்லித் தாறியா? இருபது வருசம் லொறி ஓட்டினவன் நான்" என்றேன்.

முருகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓட்டிய வண்டி எதிலும் கடதாசி கிடையாது. ஒரு கறுப்புச் சட்டி, அதற்குள் எண்ணெய், தூசி வந்து அதில் விழும். அவ்வளவுதான். கடதாசியில் சாமான் செய்வான் என்று எனக்கு யார் சொன்னது?

பெப்ரவரி 9, திங்கள்

எதற்கு இந்தக் கூத்து என்று புஷ்பம் கேட்கிறாள். அவளுக்குத் தெரியும். என் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருளாயி அக்காவுக்குக் கப்பல் தேதி வந்துவிட்டது. மார்ச் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை குருவிமலைத் தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். அதன் பிறகு, ஒப்பந்தப்படி திருப்பி அனுப்புகிற இந்தியாதான். மகன் குமாரவேலும் மருமகளும் பெட்டி படுக்கையோடு தோட்டத்து லொறியில் வருவார்கள். அக்கா மட்டும் மலையிறங்க லொறியில் ஏற மாட்டேன் என்கிறாள்.

எனக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து நினைவு தப்பியபோது, தோட்டத்து மேல் பிரிவான மேற்கணக்கின் லயத்து வீட்டிலிருந்து கரவனெல்ல ஆஸ்பத்திரி வரைக்கும் ஐந்து மைல் என்னை முதுகில் சுமந்து வந்தவள் அவள். அப்போது அவளுக்குப் பதினாலு. பாதி வழியில், "நீ பெரியவனாயி என்னைய இந்த மலையில கால் படாம எறக்கணும்டா" என்றாளாம். நானும் சரி என்றேனாம். காய்ச்சலில் கிடக்கிறவனிடம் கேட்டால் எதற்குத்தான் சரி சொல்ல மாட்டான்?

இறக்குவது பெரிய வேலையில்லை. அதற்கு முதலில் கார் மேலே ஏற வேண்டுமே. என் கார் ஐம்பத்திரண்டில் சீமையில் பிறந்தது. அதனால் சீமாட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். குருவிமலையில் மொத்தம் ஒன்பது வளைவு. சீமாட்டி நாலாம் வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். அங்கிருந்து இரண்டு மைல், யார் தள்ளுவது? ஹலீம்தான், "வண்டிக்கு மூச்சடைப்பு அண்ணே. மஷூர் சவூதியிலிருந்து அனுப்பின ஜப்பான் சாமான் இருக்கு. பூட்டினா மான் மாதிரி ஏறும்" என்றான். மஷூர் அவன் தம்பி.

மானாவது. ஆடு மாதிரி ஏறினாலே போதும்.

பெப்ரவரி 12, வியாழன்

பழைய சட்டியைக் கழற்றினேன். அதைப் பிடித்துக்கொண்டிருந்த காது உடைந்துவிட்டது. ஆகவே திரும்பிப் போக வழியில்லை.

புதுச் சாமானின் கழுத்து, கார்புரேட்டர் வாயை விட அரை அங்குலம் பெரிது. தாத்தா சட்டையைப் பேரன் போட்ட மாதிரி தொளதொளவென்று ஆடுகிறது. ஜப்பான்காரன் எந்தக் காரை நினைத்துச் செய்தானோ, நிச்சயமாக இதை நினைக்கவில்லை. துணி சுற்றினேன், நழுவியது. தகரம் சுற்றினேன், கையைக் கிழித்தது. சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடிக்கிறது, இஞ்சினைப் போட்டதும் பீப்பீ என்று நாதஸ்வரம் வாசிக்கிறது.

"ஏங்க, யாரு வீட்டுல கல்யாணம்?" என்று குசினியிலிருந்து கேட்டாள் புஷ்பம்.

பெப்ரவரி 14, சனி

நாதஸ்வரம் இன்னும் நிற்கவில்லை.

பெப்ரவரி 15, ஞாயிறு

நாம் இருப்பது ரப்பர் சீமை, சைக்கிள் டியூபுக்கு ஏன் அலைய வேண்டும் என்று இன்றைக்குத்தான் புத்தி வந்தது. கீழ்த் தோட்டத்து ஸ்டோரில் எனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். புகை போட்ட ரப்பர் ஷீட்டில் ஒரு முழம் வெட்டித் தந்தார். நாடா மாதிரி கீறி, நாலு சுற்றுச் சுற்றி, மேலே கம்பி கட்டினேன். அச்சாக உட்கார்ந்தது. சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. இதைச் சவூதிக்கு அனுப்பி மஷூருக்குப் பாடம் எடுக்கலாம்.

பெப்ரவரி 17, செவ்வாய்

பாடத்தை எனக்கே எடுத்துக்கொண்டேன். பச்சை ரப்பர் பெட்ரோல் பட்டால் கரையும். இந்த ஊரில் பிறந்து ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவனுக்கு அது தெரிய வேண்டாமா? தெரியும். ஞாபகம் வரவில்லை. இரண்டும் ஒன்றில்லை.

நாலு சுற்று ரப்பரும் ஊறி, உளுந்து மாவு மாதிரி பொங்கி, கழுத்தையும் கார்புரேட்டரையும் சேர்த்து ஒட்டிவிட்டது. இழுத்தேன், வரவில்லை. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினேன், ஸ்குரூ டிரைவரும் ஒட்டிக்கொண்டது. கையும் ஒட்டிக்கொண்டது. புஷ்பம் தேங்காய் எண்ணெய் தேய்த்து என் கையை விடுவித்தாள். சோற்றுக் கையாச்சே என்று கவலைப்பட்டாளாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இனி அந்த இடத்தால் ஒரு சொட்டுக் காற்றும் கசியாது. செத்தாலும் கழற்ற முடியாது.

பெப்ரவரி 22, ஞாயிறு

பொனட் மூடவில்லை. டப்பா உயரம். அதன் மேல் உட்கார்ந்து அமுக்கி மூடினேன். மூடிய திமிரில் மலைக்கும் விட்டேன்.

நாலாம் வளைவுக்குக்கூடப் போகவில்லை. மூன்றிலேயே நின்றுவிட்டாள். பொனட்டைத் திறந்தால் குழாய் மிதிபட்ட பாம்பு மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. காற்று எங்கே வரும்? மூச்சடைப்புக்கு வைத்தியம் பார்க்கப் போய்க் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர் ஒருவர் பலாப்பழத்தோடு இறங்கி வந்தவர் நின்று, "தல்லு கரமுத ஐயே?" என்று கேட்டார். தள்ள வேண்டாம், நிற்கிறாள், நிற்கட்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் பலாப்பழத்தை இறக்கி வைத்து, கொஞ்ச நேரம் எனக்குத் துணையாக நின்றுவிட்டுப் போனார்.

என்ன மனுசன்டா நான். நாப்பத்தெட்டு வயசாச்சு. ஒரு கொழாய மாட்டத் தெரியல. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.

பெப்ரவரி 24, செவ்வாய்

மேற்கணக்குக்கு நடந்தே போனேன். அக்கா சட்டி பானைகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லயத்தில் பாதி வீட்டுக் காம்பரா காலி.

"என்னடா, சீமாட்டி எங்க?"

"எண்ணெய் தேச்சுக் குளிச்சிக்கிட்டிருக்கா."

"வருவாளா? இல்ல, மறுபடியும் நானே உன்னையத் தூக்கிக்கிட்டு எறங்கவா?"

"இப்ப நான் எழுபது கிலோ அக்கா."

"அப்பயும் நீ லேசில்லடா" என்றாள்.

தேநீர் தந்தாள். கோப்பையைக் கழுவி, பக்கத்து வீட்டுக்கென்று எடுத்து வைத்தாள்.  

பெப்ரவரி 28, சனி

பொனட்டில் டப்பாவுக்கு மேலே வட்டமாக ஓட்டை வெட்டினேன். முன் கிராதியில் இரண்டு கம்பியை அறுத்துக் குழாயை வெளியே இழுத்துவிட்டேன். மூக்கிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு, நுனியில் கொஞ்சம் வளைந்து நிற்கிறது. புஷ்பம் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள்.

"யானைக்குட்டி வாங்கியிருக்கேன்னு சொல்லுங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

கடதாசி மட்டும்தான் இல்லை. முருகனிடம் திருப்பிக் கேட்டேன். கிழியாமல் வராது என்றாள் புஷ்பம். போகட்டும், ஒரு நாள் தூசி என்ன செய்துவிடும்?

மார்ச் 1, ஞாயிறு

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போனேன். நாலாம் வளைவு. முதல் கியர். ஏறினாள். ஐந்தாம் வளைவும் ஏறினாள். அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் சோதிக்கப் பயம்.

மார்ச் 3, செவ்வாய்

எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது, இஞ்சினைக் கிளப்ப ஹேண்டில் சுற்றிய வலி.

ஒன்பது வளைவும் ஏறினாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மேற்கணக்கில் நுழைந்தபோது சனமெல்லாம் வழிவிட்டு நின்றது. லயத்து வாசலுக்கு நேரே, இஸ்தோப்புத் திண்ணையை ஒட்டி நிறுத்தினேன். அக்கா அங்கிருந்து ஒரே எட்டில் காருக்குள் கால் வைக்க வேண்டும், மண்ணில் படக்கூடாது என்பது என் கணக்கு. இஞ்சினை அணைக்கவில்லை. ஓடுகிறதை எதற்கு நிறுத்துவது?

தோட்டத்துக் கோயில் பூசாரி கன்னையா தட்டோடு வந்தார். பயணம் போகிற வண்டிக்குப் பூசை வைக்காமல் விட மாட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். அப்புறம் முன்னால் வந்து குழாயைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"புள்ளையாரப்பா" என்றார்.

"இல்ல பூசாரி, அது வந்து..."

எங்கே கேட்டார்? தும்பிக்கைக்கு மூன்று பட்டை போட்டு, குங்குமம் வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கை நிறையத் திருநீறு அள்ளி, தும்பிக்கை நுனியில் தூவினார்.

தூவியதெல்லாம் உள்ளே போயிற்று. பூசாரி கண்ணைத் திறந்து பார்த்து, "சாமி ஏத்துக்கிச்சு" என்று இன்னொரு பிடி அள்ளினார். அதையும் ஏற்றுக்கொண்டது. சீமாட்டி இரண்டு தரம் இருமினாள். பின்னால் வெள்ளையாக ஒரு புகை வந்தது. நின்றுவிட்டாள்.

கடதாசி இருந்திருந்தால் பிடித்திருக்கும். கடதாசி வீட்டில் முருகனைச் சுற்றி இருக்கிறது.

ஹேண்டிலைப் போட்டு இருபது சுற்று. ஒன்றுமில்லை. டப்பாவைக் கழற்றி உள்ளே துடைக்கலாமென்றால் ரப்பர் விடுகிறதா? கீழே லொறி காத்திருக்கிறது, பொல்காவெலயில் ரயிலைப் பிடிக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பூசாரியைத் திட்டுவதா, ஹலீமைத் திட்டுவதா, ஒட்டுன ரப்பரத் திட்டுறதா... எல்லாத்துக்கும் நான்தானே காரணம்.

அந்த நேரம் அக்கா வாசலுக்கு வந்தாள். லயமே ஓவென்று அழுதது. கட்டிப்பிடிக்கிறார்கள், தலையைத் தடவுகிறார்கள், ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழுகிறார்கள். அந்தச் சத்தத்தில் இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று யார் கேட்டார்கள்? அக்கா நான் நினைத்தபடியே ஒரே எட்டில் காருக்குள் ஏறி, கால் இரண்டையும் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். நான் ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வாசல் சரிவு. சீமாட்டி நகர்ந்தாள்.

ஐந்து மைலும் பிரேக்கிலேயே வந்தேன். டயர் கல்லில் உருளுகிற சத்தம் மட்டும்தான்.  எட்டாம் வளைவில் அக்கா, "என்னடா, சத்தமே இல்ல?" என்றாள்.

"புதுச் சாமான் அக்கா. ஜப்பான்."

"அதானே பாத்தேன்" என்றாள்.

கொழுந்து மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இதுலதான் மொதக் கொழுந்து எடுத்தேன்" என்று ஓரிடத்தில் சொன்னாள். இன்னோரிடத்தில், "இங்கனதான் உன்னைய எறக்கி வச்சுத் தண்ணி குடுத்தேன்" என்றாள். காலைக் கீழே விடவே இல்லை.

பெரிய ரோட்டில், லொறிக்கு இரண்டு முழம் முன்னால் சீமாட்டி தானாகவே நின்றாள். அக்கா இறங்கிப் போய்த் தும்பிக்கை வாயில் ஒட்டியிருந்த திருநீற்றை விரலால் வழித்து என் நெற்றியில் பூசினாள். மிச்சத்தை என் மூக்கு நுனியில் வைத்தாள். சின்ன வயதில் செய்வது மாதிரி. பிறகு லொறியில் முன்னால் ஏறிக்கொண்டாள்.

தோட்டத்து டிரைவர் நல்லையா லொறியை எடுத்தான். நான் கையைக் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

ஹலீம் வந்து, கார்புரேட்டரோடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினான். "அண்ணே, கடதாசி எங்க?" என்றான். "முருகன்கிட்ட" என்றேன். 

ஏப்ரல் 21, செவ்வாய்

அக்காவிடமிருந்து கடிதம். மெல்லிசுத் தாள், இரண்டு. அக்கா சொல்லச் சொல்லக் குமாரவேல் எழுதியிருக்கிறான்.

"தம்பி இருளப்பனுக்கு. நாங்க சுகம். இன்னும் கேம்பில்தான் இருக்கிறோம். வீடு தருவதாகச் சொல்கிறார்கள். இங்கே எல்லாரிடமும் நான் காரில் இறங்கி வந்தவள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பாதவளும் இருக்கிறாள். தம்பி, அன்றைக்கு இஞ்சின் ஓடவில்லை என்று எனக்கு வாசலிலேயே தெரியும். கொழுந்து லொறி ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம் எல்லாம் கேட்டுக் கேட்டுத்தானே என் காது பழகினது. ஒன்பது வயதில் என் கழுத்தைப் பிடித்த மாதிரியே நீ ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாய். அதனால்தான் தெரியாதவள் மாதிரி வந்தேன். இன்னொன்று அன்றைக்கே உன்னிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அது என்னவென்றால்,"

அதோடு முதல் தாள் முடிந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்ததால் இரண்டாம் தாளைச் சீமாட்டியின் மூக்கின் மேல் வைத்தேன். ஹயர் ஓட்டத்துக்கு ஆள் கேட்ட நேரமாகிவிட்டதே என்று அப்படியே போய் இஞ்சினைப் போட்டேன்.

இரண்டாம் தாள் தும்பிக்கைக்குள் போய்விட்டது. இஞ்சின் நின்றது. மஷூர் புதுக் கடதாசி இன்னும் அனுப்பவில்லை. கழுத்தில் ரப்பர் அப்படியே இருக்கிறது. புஷ்பம் குழாயை வெட்டக் கத்தி எடுத்து வரப் போயிருக்கிறாள்.