ரெஸ்ட் என்றால் ஓய்வு அல்ல

பிப்ரவரி 4, செவ்வாய்

தம்பியின் இயலாமைப் பென்ஷன் மனுவை நிராகரித்து உத்தரவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இத்தனை நாளும் இருவரும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்: 'முதுகெலும்புக் காயம் பணியின் விளைவு அல்ல.' பதினாறு வருடம் ராணுவத்தில் இருந்தவன். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறான். பணியின் விளைவு இல்லையென்றால் பின் எதன் விளைவாம்?

இன்றுதான் முழுவதையும் பொறுமையாகப் படித்தேன். காரணம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. 'சம்பவத்தின்போது தாம் ஓய்வில் இருந்ததாக மனுதாரரே எழுதிக் கொடுத்துள்ளார்.'

அவன் எழுதவில்லை. அவன் சொன்னான். எழுதியது நான்.

பிப்ரவரி 5

அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கார்டு ரூம்ல ரெஸ்ட்ல இருந்தேன்க்கா. அலாரம் அடிச்சுது. துப்பாக்கிய எடுத்துக்கிட்டு ஓடுனேன். படி ஈரம், வழுக்கிருச்சு."

நான் என்ன செய்தேன்? 'கார்டு ரூம்' காவலர் அறை ஆனது. 'ரெஸ்ட்' ஓய்வு ஆனது. முப்பத்து மூன்று வருடம் டீச்சராகச் சிவப்புப் பேனா பிடித்த கை, சும்மா இருக்குமா? எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது. அவன் சரியாகக் கேட்கக்கூட இல்லை. "அக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டான்.

இன்று காலை, ஒன்றும் தெரியாதவள் போல, "ரெஸ்ட்னா என்னடா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம் காவல் நிக்கணும், நாலு மணி நேரம் ரெஸ்ட். இருபத்திநாலு மணி நேரமும் அப்படித்தான் மாறி மாறி."

"அந்த நாலு மணி நேரமும் வீட்டுக்குப் போயிடலாமா?"

"நல்லாக் கேட்டே போ! வாசலத் தாண்டக் கூடாது. பூட்ஸக்கூடக் கழட்டக் கூடாது."

இதையா நான் ஓய்வு என்று எழுதினேன்? டம்ளரைக் கீழே வைத்தேன்.

பிப்ரவரி 6

ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். தம்பியிடம் கண்ணாடிக் கடைக்கு என்று பொய்.

உத்தரவையும் என் பழைய வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "டீச்சர், மொத்தக் கேஸும் இந்த ஒரு சொல்லுலதான் நிக்குது. அன்னிக்கான காவல் பதிவேடு கெடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. மீதிக்கு, மேல்முறையீட்டு விசாரணைல நீங்க வந்து சொல்லணும். இதுவும் போச்சுன்னா மேல முறையிட இடம் கெடையாது."

நான் தலையை ஆட்டினேன்.

"அவருக்குத் தெரியுமா, நீங்கதான் மாத்துனீங்கன்னு?"

"தெரியாது."

"சொல்லிருங்க. அங்க வந்து முதல் தடவையா அவர் இதக் கேக்கக் கூடாது."

பிப்ரவரி 7

சொல்லவில்லை.

பிப்ரவரி 8

இன்றும் இல்லை. அவன் சட்டைக்கு ஒரு பொத்தான் தைத்தேன். நன்றாக இருந்த பொத்தானை அறுத்துவிட்டுத் தைத்தேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?

தப்புச் செய்த பிள்ளைகளை மேசைக்கு அழைத்து, "பயப்படாமச் சொல்லு, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்!

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவன் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

தலையணையை உருவி ஓரமாக வைத்தான். பிறகு, "நான் சொன்னத அப்படியே எழுத உனக்கு என்ன கேடுக்கா?" என்றான்.

 அசிங்கமா இருந்துச்சுடா, அதான் மாத்தினேன்னா சொல்றது? என் தம்பி பேச்சு எனக்கே அசிங்கமாப் போச்சா? கடவுளே.

பிப்ரவரி 11

பேசுகிறான், ஆனால் குத்திக் குத்தி. "சாப்பாடு ரெடியா" என்று ஆரம்பித்து, "மன்னிக்கணும், உணவு தயாரா?" என்கிறான். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி 28

மேல்முறையீடு தாக்கல் ஆனது. அவன் பேச்சை அவன் பேசியபடியே எழுதினேன். 'வழுக்கிருச்சு' உள்பட. இரண்டு இடத்தில் கை தானாகத் திருத்தப் போனது. இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டேன். காவல் பதிவேட்டின் நகலும் வந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் அவன் பெயர். எதிரே எழுதியிருப்பதும் 'ரெஸ்ட்'தான். அதைப் பார்த்து சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

மார்ச் 18, செவ்வாய்

விசாரணை. சின்ன அறை, தீர்ப்பாயத்தின் மூன்று உறுப்பினர்கள், ஒரு மின்விசிறி. 

நடுவில் இருந்தவர் கேட்டார்: "ரெஸ்டுன்னா ஓய்வுதானே?"

தம்பி எழுந்து நின்றான். உட்காரச் சொல்லியும் நின்றான். "பூட்ஸ் கழட்டக் கூடாது சார். பெல்ட் கழட்டக் கூடாது. மணி அடிச்சா முப்பது எண்ணுறதுக்குள்ள வெளிய வந்து வரிசையில நிக்கணும். அதுக்குப் பேரு ரெஸ்ட்."

"இதுல ரெஸ்ட் எங்க இருக்கு?"

"அதத்தான் சார் நாங்களும் பதினாறு வருஷமாக் கேட்டோம்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மாற்றியது நான்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஐயா, ஆசிரியர்களுக்கு வகுப்பில்லாத பாடவேளை ஒன்று உண்டு. பள்ளியை விட்டுப் போக முடியாது. யாராவது வரவில்லையென்றால் உடனே அந்த வகுப்புக்கு ஓட வேண்டும். அப்படி ஓடும்போது நான் மாடிப்படியில் விழுந்தால், வேலையில் விழுந்தேன் என்பீர்களா, வீட்டில் விழுந்தேன் என்பீர்களா? இன்னொரு உதாரணம் —"

"அம்மா, போதும். பாடம் எடுக்காதீங்க."

நடுவில் இருந்தவர் அதை எரிச்சலாகச் சொன்னாரா, சாதாரணமாகத்தான் சொன்னாரா? ஆட்டோவில் வரும்போது தம்பியிடம் மூன்று தடவை கேட்டேன். "தெரியலக்கா" என்றான். மூன்று தடவையும்.

ஏப்ரல் 2

தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்.

ஏப்ரல் 11

போனார்.

ஏப்ரல் 24, வியாழன்

வந்துவிட்டது. பிரித்து அவன் கையில் கொடுத்தேன். கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் முதலிலிருந்து படித்தான், ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து.  நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. சத்தமாகப் படித்தான்: 'காவலின் ஒரு பகுதியே ரெஸ்ட் ஆகும். எனவே காயம் பணியின்போது ஏற்பட்டதே.' இயலாமை எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவர் மறுபடி மதிப்பிட வேண்டுமாம்.

அந்தக் காகிதத்தை அவன் மடிக்கவேயில்லை. விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகம் கழுவப் போனேன்.

மே 6, செவ்வாய்

மருத்துவப் பரிசோதனைக்கு நானும் கிளம்பினேன். "நீ வேணாம்க்கா, நான் பாத்துக்கறேன்" என்று தனியாகப் போனான். மத்தியானம் திரும்பினான்.

"டாக்டர் என்னடா கேட்டார்?"

"எல்லாந்தான். குனிய முடியுமா, எவ்ளோ நேரம் நிக்க முடியும், எங்க வலிக்குதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"இருக்கறதச் சொன்னேன்."

"எப்படிச் சொன்னே? அப்படியே சொல்லேன்."

"ம்ஹூம். மாட்டேன். திருத்துவே."